மேல் வரிசை முடிந்தபின் கீழ் வரிசை

எங்கள் அலுவலகத்தில் மொத்தம் இருபத்துநான்கு அறைகள். கம்ப்யூட்டர் வயர்களெல்லாம் வந்து சேருகிற சுவிட்ச் பெட்டியிலும் இருபத்துநான்கு ஓட்டைகள். இந்தப் பொருத்தத்தைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இவ்வளவு பொருத்தம் எங்கள் அலுவலகத்தில் எதற்கும் இருந்ததில்லை.

நான் வயர் இழுப்பவன். பதினேழு வருடமாகத் தினக்கூலி. ஏணி போட்டு ஏறி, அட்டைக்கூரைக்கும் நிஜக்கூரைக்கும் நடுவே தவழ்ந்து, ஓர் அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வயரைக் கொண்டுபோவது என் வேலை. அதிகாரிகளின் தலைக்கு மேலேயே பதினேழு வருடம் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படாத ஆள் நான் ஒருவன்தான்.

எனக்கு எழுத்து வந்தது நாற்பத்து மூன்று வயதில். அதுவரை எந்த வயர் எந்த அறைக்குப் போகிறது என்பதை நூல் கட்டி வைத்துக்கொள்வேன். சிவப்பு நூலில் இரண்டு முடிச்சென்றால் இயக்குநர் அறை. பச்சையில் மூன்று முடிச்சென்றால் கணக்கு. பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் ஒரு வயரும் மாறியது கிடையாது. பிறகு, படிக்கத் தெரிந்தவனுக்குத்தான் வேலை நிரந்தரம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அதையும் வேறு ஒருவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். மாலை வகுப்பில் சேர்ந்தேன். அங்கே வாத்தியார் சொல்லிக் கொடுத்த முதல் பாடம்: இடமிருந்து வலம், மேல் வரிசையை முடித்துவிட்டுக் கீழ் வரிசைக்கு வா. இரண்டு வருடம் அப்படியே வந்தேன்.

அப்போதுதான் அலுவலகத்துக்குக் கண்காணிப்பு வந்தது.

வரைபடம் போட்டுத் தருகிறவர் என்று ஒருவரை வெளியிலிருந்து வரவழைத்திருந்தார்கள். எல்லாரையும் தாழ்வாரத்தில் நிறுத்தி, புதிதாக மாட்டிய பெரிய டிவியைக் காட்டி அவர் விளக்கினார்.

"ஒவ்வொரு ஓட்டைகிட்டயும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதரம் இந்த மெஷின் போய் கேக்கும். உன் வழியா எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு போச்சுன்னு. அது சொல்ற கணக்கைப் புள்ளியா வெச்சு கோடு இழுக்கும். உள்ளே வர்றது பச்சை, வெளியே போறது நீலம்."

நான் பின்வரிசையிலிருந்து கையைத் தூக்கினேன். எழுத்து படித்த புதிது. கேள்வி கேட்கிற வியாதி வந்திருந்தது. "என்ன போச்சுன்னு கேக்காதுங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இயக்குநர் புன்னகை செய்தார். "என்ன போச்சுங்கிறது அவங்கவங்க மனசாட்சிப்பா. எவ்வளவு போச்சுங்கிறதுதான் நிர்வாகம்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

சுவிட்ச் பெட்டிக்கு எண் ஒட்டும் வேலை எனக்கு வந்தது. நிர்வாக அதிகாரி ஒரு ஸ்டிக்கர் சுருளையும் பேனாவையும் என் கையில் வைத்தார். "உன் எழுத்தறிவுக்கு இதுதான் சாட்சி. நீ ஒட்டி முடிச்சதும் போட்டோ எடுத்து உன் நிரந்தர ஃபைல்ல வெச்சுடறேன்."

பேனாவை நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். பெட்டியின் முகத்தில் ஓட்டைகள் மேலே பன்னிரண்டு, கீழே பன்னிரண்டு. இடமிருந்து வலமாக மேல் வரிசையில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒட்டினேன். பிறகு கீழே இறங்கிப் பதிமூன்று முதல் இருபத்துநான்கு வரை. ஒன்பதுக்கு வால் சரியாக வரவில்லையென்று இருமுறை எழுதினேன். எந்த அறை வயரோ அதை அந்த எண் ஓட்டையில் செருகினேன். பழைய நூல்களையெல்லாம் அறுத்துக் குப்பையில் போட்டேன். படித்தவனுக்கு நூல் எதற்கு?

போட்டோ எடுத்தார்கள். பெட்டியைப் பூட்டி, பூட்டின் மேல் அரக்கு வைத்தார்கள். திறக்க வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து போட்ட படிவம் வேண்டும்.

மறுநாளிலிருந்து தினமும் காலை பத்தேகாலுக்கு எல்லா ஊழியர்களும் டிவி முன்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவு. அடுத்த புள்ளி விழும்வரை ஐந்து நிமிடம் அமைதி, விழுந்ததும் கைதட்டல். அந்த ஐந்து நிமிடம் ஒருவரும் வேலை செய்யாததால் தினமும் பத்தேகாலுக்கு ஓடுகிற கோடுகளெல்லாம் குழிக்குள் விழுந்தன. இந்தக் குழியின் காரணத்தை ஆராய ஒரு குழு அமைத்தார்கள். குழு தினமும் மூன்று மணிக்குக் கூடியது. மூன்று மணிக்கும் ஒரு குழி விழ ஆரம்பித்தது. அதற்குத் துணைக்குழு.

கோடுகள் வந்த பிறகுதான் யார் உழைப்பாளி என்பது எங்களுக்குத் தெரிந்தது. அதுவரை தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் அறை பழைய கோப்பு அறை. அங்கிருக்கும் காப்பாளரைத் 'தூசி அண்ணன்' என்போம். அவருக்குக் கொடுத்த கம்ப்யூட்டர் இரண்டு வருடமாகப் பெட்டி பிரிக்காமல் இருக்கிறது. மத்தியானத்தில் அதன்மேல் தலைவைத்துத்தான் படுப்பார். அவருடைய கோடு பதினொரு மணிக்கு எழுந்து ஒரு மணிவரை பச்சை மலையாக நின்றது. இரண்டு மணிக்கு மறுபடி மலை.

"இதுதான் உழைப்பு!" என்றார் இயக்குநர், கூட்டத்தில். "அவர் என்ன செய்றார்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமும் இல்லை. இந்த மலையைப் பாருங்க. எல்லாரும் இப்படி உழைச்சா நாடு எங்கேயோ போயிடும்." தூசி அண்ணனுக்குச் சால்வை போர்த்தினார். அண்ணன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுப் போர்த்திக்கொண்டார். அன்று மத்தியானம் அதை மடித்துக் கம்ப்யூட்டர் பெட்டிமேல் தலையணையாக வைத்ததைப் பார்த்தேன்.

ஏழாம் அறையில் உடைந்த நாற்காலிகள் மட்டும்தான், வருடக்கணக்காகப் பூட்டு. அதன் கோடும் சீராக ஏறி இறங்கியது. 'நல்ல முன்னேற்றம், தொடர்க' என்று ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. வாங்க ஆள் இல்லாததால் பூட்டிலேயே கட்டித் தொங்கவிட்டார்கள்.

இரண்டாம் அறை இயக்குநருடையது. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்து மாலை ஐந்துவரை, இடையில் பத்தேகால் குழியும் சாப்பாட்டுக்கு இருபது நிமிடமும் தவிர, ஓயாமல் போகிற நீலக்கோடு. தன் கோட்டைத் தானே பார்த்து அவர் கொஞ்சம் கலங்கிப் போனார். "நான் இவ்வளவு செய்றேன்னு எனக்கே தெரியாமப் போச்சே," என்றார் கைக்குட்டையை எடுத்து.

பதிமூன்றாம் அறையோ தரையோடு தரையாகக் கிடந்தது. சுழி.

அது கீழ்த்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற அறை. ஜனங்கள் கொண்டுவரும் மனுக்களை வாங்கி, ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண் அங்கே இருந்தாள். ஒப்பந்த வேலை, நாலு வருடமாக. அவள் தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. ஏணியிலிருந்து பார்ப்பதால் எனக்கு அவள் வகிடுதான் அடையாளம்.

ஆறு வாரம் கழித்து உத்தரவு வந்தது. சுழிக்கோடு காட்டும் பணியிடம் மாதக் கடைசியோடு ரத்து. நான் அவள் அறையில் விளக்கு வயர் மாற்றிக்கொண்டிருந்தபோது காகிதம் அவள் மேஜைக்கு வந்தது. படித்தாள். மடித்தாள். அடுத்த மனுவை எடுத்து அடிக்க ஆரம்பித்தாள்.

"என்னம்மா?" என்றேன் ஏணியிலிருந்து.

"நான் ஒண்ணுமே பண்றதில்லையாம்ணே. டிவியில காட்டுதாம்." அவள் கை நிற்கவில்லை. "பையன் பத்தாவது. இந்த ஒரு வருஷம் மட்டும் விட்டுடுங்கன்னு நிர்வாக அதிகாரிகிட்ட கேட்டேன். கோடு எந்திரிச்சா பாக்கலாம்னார். நான் எந்திரிக்கவா, கோடு எந்திரிக்கவா?"

"டிவி பொய் சொல்லாதும்மா," என்றேன். இப்படி ஒரு பேச்சு பேசியதற்கு அந்த ஏணியே என்னைத் தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

முதல்முறையாக அவள் நிமிர்ந்தாள். "அப்படியா? அப்போ இந்த வயரைப் பிடுங்குங்க. நான் வேலையே செய்யலைன்னா யாருக்கு என்ன நஷ்டம்? பாப்போம்."

கோபமான பெண்ணிடம் வாதாடுகிற படிப்பை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினேன்.

ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் மாடியில் மணி அலறியது. ஆட்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். டிவியில் சிவப்பு எழுத்து மின்னியது. இப்போதுதான் எனக்குப் படிக்கத் தெரியுமே, எழுத்துக்கூட்டிப் படித்தேன்: 'அறை 2, இயக்குநர். தொடர்பு இல்லை.'

நிர்வாக அதிகாரி கதவைத் தட்டாமலே உள்ளே பாய்ந்தார். உள்ளே இயக்குநர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். அவர் கம்ப்யூட்டரில் இரண்டு பேர் ஒரு கட்டடத்தின் உச்சியில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் கை வைத்ததும் ஒருவன் அந்தரத்திலேயே நின்றான்.

"சார், உங்களுக்குத் தொடர்பே இல்லை சார்!"

இயக்குநர் ஒருகணம் யோசித்தார். "ஆமாம்," என்றார் மெதுவாக. "கொஞ்ச நாளா எனக்கும் அப்படித்தான் தோணுது."

வரைபடக்காரரை அவசரமாகக் கூப்பிட்டார்கள். மூன்று கையெழுத்து வாங்கி அரக்கை உடைக்க மத்தியானம் ஆனது. டார்ச் பிடிக்க நான் போனேன். அவர் இரண்டாம் எண் ஒட்டியிருந்த ஓட்டையின் வயரை ஆட்டிப் பார்த்து, "இது நல்லாத்தானே இருக்கு," என்று முணுமுணுத்தார். என் டார்ச் வெளிச்சம் கீழ் வரிசையின் முதல் ஓட்டைமேல் நின்றது. நான் ஒட்டிய 'பதிமூன்று' சூட்டில் ஓரம் பிரிந்திருந்தது. அடியில், பெட்டி செய்தவனே சின்னதாகப் பொறித்த எண் தெரிந்தது.

இரண்டு.

மெதுவாக இன்னொரு ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் தூக்கினேன். மேல் வரிசையில் என்னுடைய ஏழுக்கு அடியில் பதிமூன்று இருந்தது. என்னுடைய இரண்டுக்கு அடியில் மூன்று. மேலே ஒன்று, அதன் கீழே இரண்டு. மறுபடி மேலே மூன்று, கீழே நாலு. பெட்டி செய்தவன் என் மாலை வகுப்புக்கு வரவில்லை. அவன் எண்ணைத் தெளிவாகத்தான் போட்டிருந்தான். அதன் மேலேயே நான் என் எழுத்தறிவை ஒட்டி மறைத்திருந்தேன்.

அதற்குள் கீழே அவள் வயரைத் தானே செருகியிருப்பாள்போல. மாடியில் கைதட்டல் கேட்டது. இயக்குநர் மறுபடி உழைக்க ஆரம்பித்துவிட்டார். வரைபடக்காரர் பெட்டியைப் பூட்டினார். அரக்கு வைத்தார்கள். நான் டார்ச்சை அணைத்தேன். வாயையும்.

சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"நூல் கட்டி வேலை பாத்தீங்களே, அப்போ ஒருநாளாவது மாத்திச் சொருகியிருக்கீங்களா?"

"இல்லை."

"அப்புறம் எதுக்கு எழுத்து படிச்சீங்க?"

"நிரந்தரமாகறதுக்கு."

"நிரந்தரமா தப்பு பண்றதுக்கா?"

"சும்மா இருடி. நாளைக்கு உண்மையைச் சொன்னா, எண்ணத் தெரியாதவன்னு ஃபைலை மூடிடுவாங்க. பதினேழு வருஷம்."

அவள் களைந்த தண்ணீரை ஊற்றினாள். "சொல்லலைன்னா?"

"அந்தப் பொண்ணு போயிடும்."

"அவ உக்காந்த இடத்துக்கு மேல ஏறித்தானே நாளைக்கும் வயர் இழுக்கணும்? வகிடு இருக்காது, வெறும் நாற்காலி இருக்கும். பாத்துட்டு இழுங்க." என் தட்டில் வழக்கத்தைவிட ஒரு கரண்டி அதிகம் வைத்தாள். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பத்தேகாலுக்கு, எல்லாரும் கோட்டைப் பார்த்து நின்ற அமைதியில், நான் சொல்லிவிட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஐயா, தப்பு என்னோடது. நான் வரிசையா ஒட்டிட்டேன். மெஷின் மேலும் கீழுமா எண்ணுது. இயக்குநர் ஐயா கோடுன்னு நாம பாக்கறது பதிமூணாம் ரூம் அம்மாவோட வேலை. அவங்க கோடுன்னு காட்டறது பூட்டின ஏழாம் ரூம். சாவி குடுங்க, பத்தே நிமிஷத்துல மாத்திச் சொருகிடறேன்."

புள்ளி விழுந்தது. ஒருவரும் கை தட்டவில்லை.

வரைபடக்காரர்தான் விரல்விட்டு எண்ணி முடித்தார். "அப்படின்னா மூணாம் நம்பர்ல வர்ற மலை... அது சார் ரூமு. பதினொண்ணுலேர்ந்து ஒண்ணு, ரெண்டுலேர்ந்து நாலு. உள்ளே மட்டும்தான் வருது. வெளியே ஒண்ணும் போகலை."

தூசி அண்ணன் நிம்மதியாக மூச்சு விட்டார். "நானும் யோசிச்சேன், நான் எப்போடா இவ்வளவு பண்ணினேன்னு."

இயக்குநர் தொண்டையைக் கனைத்தார். எங்களை அனுப்பிவிட்டு அறைக்குள் கூடினார்கள். நான் ஏணியோடு வெளியே நின்றேன். ஒரு மணி நேரம் கழித்து நிர்வாக அதிகாரி வந்து முடிவை வாசித்தார்.

"பத்து நிமிஷத்துல சரி பண்ணிட்டா, ஆறு வாரம் தப்பா இருந்ததுன்னு ஆகிடும். வரைபடம் மேலிடத்துக்குப் போயாச்சு. சால்வை போத்தியாச்சு. ஆகவே வரைபடம் சரி. ஸ்டிக்கரும் சரி. கட்டடம்தான் தப்பா உக்காந்திருக்கு."

"புரியலைங்க."

"வயரை மாத்தக்கூடாது. ஆளுங்களை மாத்தணும். எந்தக் கோடு யாரோடதுன்னு டிவி சொல்லுதோ, அந்த வயர் போற ரூமுக்கு அவங்க போயிடணும். கதவு நம்பரையும் மாத்திடு. மேஜை, நாற்காலி, பீரோ எல்லாம் நீதான் தூக்கணும். உன் எழுத்துதானே ஆரம்பம்."

நாலு நாள் தூக்கினேன். ஓர் அறையைக் காலி செய்ய அடுத்த அறை காலியாக வேண்டும், அதற்கு இன்னொன்று. இருபத்தோரு பீரோக்கள். அவற்றில் ஒன்பது எதற்குமே திறக்கப்படாதவை. எடையை வைத்துச் சொல்கிறேன், நிறைந்தவை. இயக்குநரின் மேஜை மாடிப்படிக்கு அடியிலிருந்த சின்ன அறையில் நுழையாமல் அதன் கால்களை அறுத்தோம். தூசி அண்ணனுக்கு இயக்குநரின் ஏ.சி. அறை. மனு ஏற்றும் பெண்ணுக்கு மாடியில் பழைய ஏழாம் அறை. உடைந்த நாற்காலிகளை வெளியேற்றியதும் அங்கே ஒரு ஜன்னல் இருப்பது தெரிந்தது. கதவில் கட்டியிருந்த பாராட்டுக் கடிதத்தை அவள் அவிழ்த்துப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "பரவாயில்லைணே, இதை நானே வெச்சுக்கறேன்."

முதுகு விட்டுப்போயிருந்த அந்த ஐந்தாம் நாள், எல்லாக் கோடுகளும் முதல்முறையாகச் சொந்தக்காரர்களிடம் வந்து சேர்ந்திருந்தன. பதிமூன்றாம் எண் கோடு தரையிலிருந்து எழுந்து காலை ஒன்பதிலிருந்து சீராக ஓடியது.

"பாத்தீங்களா!" என்றார் இயக்குநர். "சுழியில கிடந்த பிரிவு. நாம நடவடிக்கை எடுத்ததும் எப்படித் திருந்திடுச்சு! அந்தப் பணியிடம் தொடரட்டும்." அவருடைய சொந்தக் கோடு இப்போது பதினொன்றுக்கு மலையாக எழுந்தது. "நான் ஜனங்க பக்கம் இறங்கி வந்தேன். வேலை எப்படிக் கூடிப்போச்சு பாருங்க," என்றார். கை தட்டினோம்.

எனக்கு நிரந்தர உத்தரவு வந்தது. ஸ்டிக்கர் சரியென்று அலுவலகமே முடிவு செய்துவிட்டதால், ஒட்டியவனும் சரி. 'எழுத்தறிவில் பிழையற்றவர்' என்று எழுதியிருந்தது. அந்த வரியைத் தடுமாறாமல் படித்தேன். படித்து முடித்ததும் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அன்று மத்தியானம் தூசி அண்ணன் ஏ.சி. அறைக் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார். சால்வையைப் போர்த்தியிருந்தார், குளிருக்கு.

"தம்பி, என் கோடு சுழியில நிக்குது. மாசக் கடைசிக்குள்ள எந்திரிக்கலைன்னா வீட்டுக்குப் போன்னுட்டாங்க. ஓய்வுக்கு ரெண்டு வருஷம்தான் பாக்கி. யாருக்கும் தெரியாம என் வயரை வேற ஓட்டையில சொருகிவிடேன்."

"அதெல்லாம் முடியாதுண்ணே. மூணு கையெழுத்தோட படிவம் குடுங்க, பாக்கலாம்," என்றேன்.

சொன்னது நான்தான். என் வாய்தான். நிரந்தரமாகி முழுசாக மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் சால்வையை இன்னும் இறுக்கிக்கொண்டார். எனக்குக் காது சுட்டது. கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்தேன்.

"அந்தக் கம்ப்யூட்டர் பெட்டி எங்கேண்ணே?"

இரண்டு பேருமாகப் பெட்டியைப் பிரித்தோம். வயரை மாட்டினேன். அண்ணனுக்கு அதை முடுக்கத் தெரியாது. எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியும். எப்படியோ ஒரு சினிமாவைக் கண்டுபிடித்தோம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். கதாநாயகன் ஓடினான், விழுந்தான், எழுந்தான். பாதியில் மனுப் பெண் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் வெளியே வந்து பாருங்களேன். உங்க கோடு மலையாட்டம் நிக்குது. எல்லாரும் டிவி முன்னால நின்னு கை தட்டறாங்க. என்னோடது அதுக்குக் கீழே வரப்பு மாதிரி இருக்கு."

"முடியட்டும்மா," என்றார் அண்ணன் திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல். "இப்போ நடுவுல எந்திரிச்சா குழி விழுந்துடும்."

அவள் சிரித்துக்கொண்டே தன் மனுக்களுக்குப் போனாள். நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். பதினேழு வருடத்தில் இந்த அலுவலகத்துக்காக நான் இவ்வளவு உழைத்தது அன்றுதான். வேண்டுமானால் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள்.